அம்மா கொஞ்சம் வெளியே இருங்கள்

குழந்தை மருத்துவப் பாடநூல்களில் வளரிளம் பருவத்தினரைப் பற்றிய பகுதியைப் புரட்டினால் ‘ஹெட்ஸ்’ என்ற கேள்வி வரிசை கண்ணில் படும். வீடு, படிப்பு, பொழுதுபோக்கு, போதை, பாலுறவு, தற்கொலை எண்ணம் ஆகிய ஆறுக்குமான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. தலைவலி என்றோ, வயிற்றுவலி என்றோ, பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்றோ அழைத்து வரப்படும் பிள்ளையிடம், கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு மருத்துவர் இந்த வரிசையில் பேச வேண்டும் என்பது இன்று உலகின் பல நாடுகளில் பாடம். இந்த வழக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கேள்விகளைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கு அது முக்கால் பங்கு தவறான பார்வையாகத் தோன்றுகிறது. கேள்விகள் பழையவை, மருத்துவர்களுக்கு முன்பே நீதிமன்றங்களும் சீர்திருத்தப் பள்ளிகளும் அவற்றைக் கேட்டுவிட்டன. புதிதாக வந்தது ஒன்றுதான்: பிள்ளை சொல்லும் பதில் யார் காதுக்குப் போகும், யார் காதுக்குப் போகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடும் ஏற்பாடு. இந்த வழக்கத்தின் வரலாறு உண்மையில் அந்த ஏற்பாட்டின் வரலாறு.

சிகாகோவிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் 1899இல் அங்கேதான் அமைந்தது. (அந்தச் சிந்தனை நம் பக்கம் வரவும் அதிக காலம் பிடிக்கவில்லை, சென்னை மாகாணம் 1920இலேயே சிறார் சட்டம் இயற்றியது.) பத்து ஆண்டு கழித்து, 1909இல், அந்த நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளைகளை ஆராய ஒரு மனநல நிலையம் தொடங்கப்பட்டது. அதன் தலைவர் வில்லியம் ஹீலி என்ற மருத்துவர். திருடினான், ஓடிப்போனான் என்று பிடித்து வரப்படும் பையனைப் பற்றிப் போலீஸும் பெற்றோரும் சொல்வது போதாது, அவன் கதையை அவன் வாயாலேயே கேட்க வேண்டும் என்றார் ஹீலி. வீட்டில் யார் இருக்கிறார்கள், பள்ளி எப்படி, கூட்டாளிகள் யார், என்ன பழக்கங்கள், மனத்தை அரிப்பது எது என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். 1915இல் வெளிவந்த அவருடைய பெருநூல் இப்படிச் சேர்ந்த வரலாறுகளின் தொகுப்பு. இன்றைய ஹெட்ஸ் பட்டியலில் இருப்பதில் பெரும்பகுதி அதில் உண்டு. ஆனால் ஹீலியின் அறிக்கை நீதிபதியின் மேசைக்குப் போனது. பையன் பேசப் பேச, அவனை வீட்டுக்கு அனுப்புவதா, சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவதா என்ற முடிவுக்கான சான்று சேர்ந்துகொண்டிருந்தது. ஹீலி நல்லெண்ணம் கொண்டவர் என்பதில் ஐயமில்லை. அந்த அறையில் உண்மை சொல்வதால் பையனுக்கு என்ன லாபம் என்பதற்குத்தான் விடையில்லை. அது விசாரணை, கனிவான விசாரணை, அவ்வளவுதான்.

அதே காலத்தில் மருத்துவமனைகளில் இந்தப் பேச்சே எழவில்லை. மருத்துவர் ரகசியம் காக்க வேண்டும் என்பது ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் உறுதிமொழியிலேயே இருக்கிறது என்றாலும், யாருடைய ரகசியம் என்று வந்தால், பிள்ளையின் விஷயத்தில் சட்டமும் வழக்கமும் பெற்றோரைத்தான் நோயாளியின் இடத்தில் வைத்துப் பார்த்தன. கட்டணம் கட்டுவது அவர்கள், சம்மதம் தருவது அவர்கள், நோயின் கதையைச் சொல்வதும் அவர்களே. இதற்கு மேல், 14 வயதுப் பையன் குழந்தை மருத்துவருக்கும் பொது மருத்துவருக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றான். உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904இல் இந்தப் பருவத்தைப் பற்றி இரண்டு பாகங்களில் எழுதிக் குவித்தார். 1918இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த அமேலியா கேட்ஸ் என்ற மருத்துவர் சான்ஃபிரான்சிஸ்கோவில் இவர்களுக்கென்று ஒரு கிளினிக் நடத்தினார். ஆனால் வழக்கம் என்று சொல்லும்படி எதுவும் நிலைபெற 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ராஸ்வெல் கேலகர் வளரிளம் பருவத்தினருக்கான பிரிவைத் திறந்தார்.

கேலகர் எங்கிருந்து வந்தார் என்பது முக்கியம். அவர் ஆன்டோவரில் உள்ள பிலிப்ஸ் அகாடமி என்ற வசதியானவர்களின் உறைவிடப் பள்ளியில் பல ஆண்டுகள் மருத்துவராக இருந்தவர். உறைவிடப் பள்ளியில் பையன் மருத்துவரைப் பார்க்கத் தனியாகத்தான் வருவான். தாய் தந்தையர் எங்கோ தொலைவில் இருப்பார்கள். அந்தச் சூழலில் கற்றதை அவர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். இங்கே நோயாளி பிள்ளைதான், பெற்றோர் அல்லர். மருத்துவர் பிள்ளையிடம் நேராகப் பேச வேண்டும். நோயைவிட நோயாளியில் அக்கறை வேண்டும். இவைதான் அவருடைய பிரிவின் விதிகள். இதில் உரிமை முழக்கம் எதுவும் இல்லை. தனியாக இருக்கும்போது பையன் சொல்வதும் தாய் முன்னிலையில் சொல்வதும் வேறு வேறு என்று கண்டுகொண்ட ஒரு மருத்துவரின் தொழில்முறை முடிவு அது. ரகசியம் என்பது பிள்ளைக்குக் கொடுத்த சலுகை என்று நினைப்பவர்கள் இந்தத் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். நோயைச் சரியாகக் கண்டறியத்தான் கேலகருக்கு அது தேவைப்பட்டது.

இரண்டாவது ஊற்று தெருவில் இருந்தது. 1960களில் பால்வினை நோய்கள் இளைஞர்களிடையே பரவியபோது, பெற்றோர் சம்மதம் இல்லாமலேயே சிறுவயதினர் அவற்றுக்குச் சிகிச்சை பெறலாம் என்று அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் செய்தன. அந்தச் சட்டமன்றங்களில் இருந்தவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர். தகப்பனுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து கொனோரியாவை மறைக்கும் ஒரு பிள்ளை அதை இன்னும் பலருக்குக் கொடுத்துவிடும் என்ற சுகாதாரக் கணக்குதான் அவர்களை நகர்த்தியது. 1967இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் ஹைட்-ஆஷ்பரி பகுதியில் இலவச கிளினிக் திறக்கப்பட்டபோது வாசலில் நின்றவர்களில் வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள் பலர். அவர்களிடம் ‘அம்மாவை அழைத்து வா’ என்று சொல்வதில் பொருளே இல்லை. இந்தச் சூழலில்தான் 1972இல் சியாட்டிலில் ஹார்வி பெர்மன் என்ற மருத்துவர் ஹெட்ஸ் வரிசையின் முதல் வடிவத்தைப் பயன்படுத்தினார். லாஸ் ஏஞ்சலீஸில் எரிக் கோஹன் அதைச் செப்பனிட்டார். 1988இல் கோல்டன்ரிங்கும் கோஹனும் குழந்தை மருத்துவர்களுக்கான பத்திரிகை ஒன்றில் அதை விளக்கி எழுதிய பிறகுதான் அது எங்கும் பரவியது. 1991இல் கோஹனும் உடனெழுத்தாளர்களும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் தலைப்பே வீட்டைவிட்டு ஓடிய இளைஞர்களைப் பற்றியது. பணக்காரப் பள்ளியின் நோயாளர் அறையும் ஓடிவந்தவர்களின் கிளினிக்கும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் பெற்றோர் அறையில் இல்லை, பிள்ளை பேசியது.

பட்டியலின் கைத்திறனையும் ஒதுக்கிவிட முடியாது. அதன் அழகு வரிசையில் இருக்கிறது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதில் தொடங்கி, கேட்கக் கூசாத விஷயங்களிலிருந்து கூசும் விஷயங்களுக்குப் படிப்படியாகப் போகிறது. ‘அப்பா என்ன செய்கிறார்’ என்று கேட்டால், அப்பா இல்லாத பிள்ளை அங்கேயே வாயை மூடிக்கொள்ளும். அதனால் ‘யாரோடு இருக்கிறாய்’ என்று கேட்கச் சொல்கிறார்கள். போதையைப் பற்றி நேராகக் கேட்காமல், பள்ளியில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், நண்பர்கள் என்ன செய்கிறார்கள் என்று சுற்றி வந்து கடைசியில் ‘நீ?’ என்று கேட்கச் சொல்கிறார்கள். 2004இல் உணவும் பாதுகாப்பும் சேர்ந்தன. 2014இல் இணையமும் கைபேசியும் நுழைந்தன. ஃபிலடெல்ஃபியாவின் கென் கின்ஸ்பர்க் போன்றவர்கள், இந்த வரிசை பிள்ளையின் குறைகளை மட்டுமே தோண்டுகிறது, முதல் கேள்வி அவன் திறமையைப் பற்றியதாக இருக்கட்டும் என்று வேறொரு வரிசை அமைத்தார்கள்; நியாயமான திருத்தம். ஆனால் எழுத்துகள் கூடிக்கொண்டே போவதைப் பார்த்தால் ஓர் அச்சம் வருகிறது. பட்டியல் நீள நீள அது படிவமாகிவிடும். படிவத்தில் டிக் அடிக்கும் மருத்துவரின் முகம் பிள்ளையைப் பார்ப்பதில்லை.

இனி எல்லைகளுக்கு வருவோம். ரகசியம் என்றால் எதையும் யாரிடமும் சொல்லாதிருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகளைத் தனியே சந்திக்கும் வழக்கம் வேர்விட்ட அதே ஆண்டுகளில்தான் ரகசியத்தின் வேலியும் கட்டப்பட்டது. 1962இல் ஹென்றி கெம்பியும் சகாக்களும் வீட்டில் அடிபட்டு எலும்பு முறிந்து வரும் குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை அமெரிக்காவை உலுக்கியது. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் மருத்துவர் அத்தகைய கொடுமையைக் கண்டால் புகார் செய்ய வேண்டும் என்று சட்டம் இயற்றின. 1974இல் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், நோயாளியால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த மனநல நிபுணர் அந்த இன்னொருவரைக் காக்க முயல வேண்டும் என்று டராசாஃப் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே இன்று தேர்ந்த மருத்துவர், பிள்ளையும் பெற்றோரும் அறையில் சேர்ந்து இருக்கும்போதே இரண்டு பேருக்கும் கேட்கும்படி ஒன்றைச் சொல்லிவிடுகிறார்: இங்கே பேசுவது நமக்குள் இருக்கும், நீ உன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து, நீ பிறரைக் காயப்படுத்தும் ஆபத்து, உன்னை யாராவது காயப்படுத்துவது ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று வந்தால் மட்டும் நான் பேசாமல் இருக்க முடியாது. அதன் பிறகுதான் பெற்றோர் வெளியே போகிறார்கள்.

இதை எதிர்ப்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. பிள்ளையை வளர்ப்பவர்கள் பெற்றோர். விளைவைச் சுமப்பவர்களும் அவர்களே. அவர்களுக்குத் தெரியாமல் ஓர் அந்நியர் பிள்ளையோடு ரகசியம் வைத்துக்கொள்வது குடும்பத்தை உடைக்காதா? பிரிட்டனில் இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனவர் விக்டோரியா கில்லிக். 16 வயது நிரம்பாத தன் மகள்களுக்குத் தன்னைக் கேட்காமல் கருத்தடை ஆலோசனை தரமாட்டோம் என்று சுகாதார அமைப்பு உறுதி தர வேண்டும் என்றார். 1983இல் தோற்றார், 1984 டிசம்பரில் மேல்முறையீட்டில் வென்றார், 1985 அக்டோபரில் பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்ற நூலிழையில் மறுபடி தோற்றார். விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் உள்ள பிள்ளை, வயது 16க்குக் குறைவாக இருந்தாலும், தானே சம்மதிக்கலாம் என்பது தீர்ப்பு. அதே தீர்ப்பில் ஃப்ரேசர் பிரபு, பெற்றோரிடம் சொல்லும்படி பிள்ளையை இணங்கவைக்க மருத்துவர் முயல வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தார். கில்லிக்கின் ஆதரவாளர்களும் எதிரிகளும் அந்த நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ரீகன் அரசு 1983 தொடக்கத்தில், அரசு நிதி பெறும் கிளினிக்குகள் 18 வயது நிரம்பாதவர்களுக்குக் கருத்தடைச் சாதனம் எழுதிக்கொடுத்தால் 10 வேலை நாட்களுக்குள் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. பத்திரிகைகள் அதற்கு ‘கோள்சொல்லி விதி’ என்று பெயர் சூட்டின. நடைமுறைக்கு வருமுன்பே நீதிமன்றங்கள் அதை நிறுத்திவிட்டன.

பெற்றோரிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை, சான்று இருக்கிறது. விஸ்கான்சினில் கருத்தடை கிளினிக்குகளுக்கு வந்த 18 வயதுக்குக் குறைந்த 950 பெண்களிடம் கேட்டு 2002இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும் என்றால் கிளினிக் சேவைகளை முழுவதுமாகவோ ஓரளவோ விட்டுவிடுவோம், அல்லது பால்வினை நோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோம் என்று 59 சதவீதம் பேர் சொன்னார்கள். கலிஃபோர்னியாவில் 1997இல் வந்த ஃபோர்டு குழுவின் ஆய்வு இன்னும் நுட்பமானது. 562 மாணவர்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, மருத்துவரோடு நடக்கும் உரையாடலின் ஒலிப்பதிவைக் கேட்க வைத்தார்கள். சிலர் கேட்ட பதிவில் ரகசியம் பற்றிய பேச்சே இல்லை. சிலருக்கு நிபந்தனையற்ற உறுதி. சிலருக்கு எல்லைகளோடு கூடிய உறுதி. உறுதி கேட்டவர்களில் 46.5 சதவீதம் பேர் அந்தரங்கத்தைச் சொல்ல முன்வந்தார்கள். கேட்காதவர்களில் 39 சதவீதம். மறுபடி வருவேன் என்றவர்கள் 53இலிருந்து 67 சதவீதமாக உயர்ந்தார்கள்.

இந்த எண்களை என் கட்சிக்குச் சாதகமாக மட்டும் படித்துவிட்டுப் போகக்கூடாது. கற்பனைச் சூழலில் கேட்ட பதில் மெய்யான அறையில் நடக்கப்போவதை அப்படியே காட்டாது. உறுதி கொடுத்த பிறகும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாய் திறக்கத் தயாரில்லை. ரகசியம் மந்திரக்கோல் அல்ல. மூன்றாவது செய்தி இன்னும் சங்கடமானது. நிபந்தனையற்ற உறுதி கேட்டவர்களில் 72 சதவீதம் பேர் மறுபடி வருவேன் என்றார்கள். எல்லைகளைக் கேட்டவர்களில் 62 சதவீதம்தான். அதாவது நேர்மைக்குப் பத்துப் புள்ளி விலை. அப்படியானால் எல்லையைச் சொல்லாமல் விட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். விடக்கூடாது என்பது என் வாதம். தன்னையே மாய்த்துக்கொள்ள நினைக்கிறேன் என்று பிள்ளை சொன்ன மறுநிமிடமே மருத்துவர் வாக்கை மீற வேண்டியிருக்கும். அந்தப் பிள்ளை இனி எந்த மருத்துவரையும் நம்பாது, கூடப் படிப்பவர்களையும் நம்பவிடாது. முதலில் இழக்கும் பத்துப் புள்ளி பிறகு முழுவதையும் இழக்காமலிருக்கக் கொடுக்கும் விலை.

நம் சமூகத்துக்கு இது ஒவ்வாது, இங்கே மருத்துவர் குடும்பத்துக்கே மருத்துவர், பிள்ளையின் மனசு குடும்பத்தின் சொத்து என்ற ஆட்சேபமும் உண்டு. பெற்றோரிடம் சொல்ல முடியாததை வேறொரு பெரியவரிடம் சொல்லும் வழி நம் வீடுகளில் எப்போதும் இருந்தது என்பதே இதற்குப் பதில். பாட்டியிடமோ சித்தியிடமோ அத்தையிடமோ சொல்லப்பட்டு, அவர் நேரம் பார்த்து, பக்குவமாகத் தாயின் காதில் போட்ட சங்கதிகள் எத்தனை! அக இலக்கிய மரபு இதற்கு ஓர் ஒழுங்கையே வகுத்து, அறத்தொடு நிற்றல் என்று பெயரிட்டது. தலைவியின் காதலைத் தோழி காப்பாள். வேறு மணம் பேசும்போதோ தலைவி மெலிந்து வாடும்போதோ செவிலிக்குச் சொல்வாள். செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் சொல்வார்கள். இலக்கிய மரபு சமூக வரலாற்றின் நேர்ச் சான்று ஆகாது என்பது தெரியும். ஆனால் காக்கும் ரகசியத்துக்கும் எல்லை உண்டு, ஆபத்து வரும்போது அதை உரியவரிடம் உரிய முறையில் திறப்பது துரோகம் அல்ல என்ற எண்ணம் தமிழுக்கு அந்நியமில்லை என்பதற்கு அது போதும். கூட்டுக் குடும்பம் சுருங்கி, அத்தை வேறு ஊரில் இருக்கும் காலத்தில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. மருத்துவர் அந்த இடத்துக்கு முழுமையாகப் பொருந்துவார் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை வேறு யாரிடமும் போவதற்கில்லை என்றால், பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பது மேல்.

இப்போது ரகசியத்துக்கு ஆபத்து நீதிமன்றத்திலிருந்து வருவதைவிடக் கணினியிலிருந்துதான் அதிகம் வருகிறது. மருத்துவக் குறிப்புகளை நோயாளி இணையத்தில் பார்க்கத் தடை செய்யக்கூடாது என்ற அமெரிக்க விதி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பெரியவர்களுக்கு நல்ல விதி. ஆனால் பிள்ளையின் கணக்கைத் திறக்கும் கடவுச்சொல் பல வீடுகளில் தாயிடமோ தந்தையிடமோ இருக்கிறது. அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டது மாலையில் வீட்டுக் கைபேசியில் தெரிந்துவிட்டால், மருத்துவர் கொடுத்த வாக்கு என்ன ஆவது? சில மருத்துவமனைகள் பிள்ளைகளுக்கான குறிப்புகளைத் தனியே பூட்டி வைக்கின்றன. சில மருத்துவர்கள் எழுதாமலே விடுகிறார்கள், அதுவும் சிகிச்சைக்குக் கேடு.

இந்தியாவில் நிலைமை வேறு விதமாகச் சிக்கலாகிவிட்டது. மத்திய அரசு 2014 ஜனவரியில் தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் 10 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கென்று அரசு மருத்துவமனைகளில் தனி கிளினிக்குகளை அமைத்து, ரகசியம் காப்பதை அவற்றின் அடிப்படையாக வைத்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்திருந்தது. அச்சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவரோடு நடக்கும் எந்தப் பாலுறவும், இருவரும் 17 வயதுக்காரர்களாக விரும்பிச் சேர்ந்திருந்தாலும், குற்றம். குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது 21ஆம் பிரிவு. குழந்தைகளைச் சிதைப்பவர்களைப் பிடிக்க இந்தச் சட்டம் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேலி இவ்வளவு உள்ளே நகர்ந்துவிட்டால் ஹெட்ஸ் வரிசையின் ஐந்தாவது கேள்வியை மருத்துவர் கேட்கவே அஞ்சுவார். கேட்டாலும் பதிலைக் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். ஹீலியின் அறைக்கே நாம் திரும்பிப் போகிறோம் என்று பொருள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு சிறு வாசலைத் திறந்தது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீஸுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை என்றது. பெற்றோருக்குத் தெரியாமல் ஆலோசனை கேட்க வரும் சிறுமிக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை. நாடாளுமன்றம் 19ஆம் பிரிவைத் திருத்தி, கொடுமையையும் சம வயதினரின் உறவையும் பிரித்துப் பார்க்கும்வரை, அந்த கிளினிக்குகளின் மருத்துவர் எந்தெந்த விஷயங்களைத் தன்னால் காக்க முடியாது என்பதைப் பேச்சுக்கு முன்பே அவளிடம் சொல்லிவிட வேண்டும்.